நாற்பத்தோராம் இலக்கப் படத்தில் போகிறவள்

உக்குவளை,
25.04.1964.

கண்ணியத்துக்குரிய நுஹ்மான் மாமா அவர்களுக்கு, மருமகள் றமீஸா ஸலாம் சொல்லி எழுதிக்கொள்வது.

உங்களுக்கு நான் கடிதம் எழுதுவதற்கே முதலில் மன்னிக்க வேண்டும். இந்த வீட்டிலிருந்து கொழும்புக்குக் கடிதம் எழுதுகிறவர் வாப்பாதான். மழை, மிளகு, உம்மாவின் முழங்கால் என்று மூன்று வரியில் முடித்துவிட்டு, மீதித் தாளை அளவாகக் கிழித்து அடுத்த கடிதத்துக்கு வைத்துக்கொள்வார். இம்முறை விஷயம் ஓவியம் பற்றியது என்பதால், "பி.ஏ. படிச்ச நீயே எழுது" என்று முழுத் தாளையும் என்னிடம் தந்துவிட்டார். இங்கே முழங்காலைத் தவிர மற்ற எல்லாரும் அல்லாஹ்வின் கிருபையால் சுகம். மாமியும் பிள்ளைகளும் அங்கே அப்படியே இருக்க வேண்டுகிறேன்.

நீங்கள் கோட்டைக் கடையில் வாங்கி அனுப்பிய ஓவியக் கட்டலொக் வந்து நாலு கிழமையாகிறது. ஒரு படத்தின் இலக்கத்தை எழுதி அனுப்ப நாலு கிழமையா என்று நீங்கள் நினைத்திருப்பீர்கள். நடந்தது இதுதான். பங்குனி மாதத்தில் ஒரே கிழமையில் எங்கள் வீட்டுக்கு இரண்டு வரவுகள். ஒன்று, மாத்தளைக்கு அப்பால் நாலந்தாப் பக்கத்துப் பள்ளிக்கூடமொன்றில் மே மாதம் நாலாம் திகதி, திங்கட்கிழமை, டீச்சராக வந்து பொறுப்பேற்கும்படி எனக்கு வந்த அரசாங்கக் கடிதம். மற்றது தரகர் பலீல் நானா. அவர் மாவனல்லை எஞ்சினியர் மாப்பிள்ளை ஒருவருடைய சம்பந்தத்தைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, "அவங்க ஊட்டு ஹோல்ல கதவளவு எண்ணெய்ப் படம் ஒன்டு தொங்குது. சீமையில எப்பவோ வரைஞ்சதுட அச்சு. அப்பிடியான படிச்ச குடும்பம்" என்றார். வாப்பா எங்கள் சுவரைத் திரும்பிப் பார்த்தார். அங்கே ஓர் ஆணிக்கடைக் கலண்டரும், அதன் கீழே மழைக்காலத்தில் ஊறி வந்த ஈரத் தழும்பும் இருந்தன. தழும்பு படுத்திருக்கும் எருமை மாதிரி இருக்கும். "பி.ஏ. படிச்ச புள்ள ஈக்கிற ஊட்டுச் சுவரா இது?" என்று கேட்டவர், உடனே நூல் பிடித்து எருமையை அளந்தார். மூன்று அடிக்கு இரண்டு அடி. படத்தின் அளவு அப்படித்தான் தீர்மானமானது.

"முதல்ல படத்த மாட்டுவோம். மாப்புள ஊட்டார் வந்து பார்த்துட்டுப் போகட்டும். வேலப் பேச்ச அதுக்குப் பொறகு எடுப்போம்" என்று வாப்பா சொல்லிவிட்டார். பலீல் நானா வெற்றிலையை மடித்துக்கொண்டே, "அவங்களுக்கு பி.ஏ. கட்டாயம் வேணும் ஜமால்தீன் நானா. வேல தேவையில்ல" என்றார். நான் திரைச்சீலைக்குப் பின்னால் நின்று கேட்டேன். என் நியமனக் கடிதம் அலுமாரியின் மேல் தட்டுக்குப் போய்விட்டது. வாப்பாவின் சொல்லுக்காக, இதுவரை பதில் எழுதாமல் நானும் காத்திருக்கிறேன்.

கட்டலொக்கில் நாற்பத்தெட்டுப் படங்கள். முதலில் பார்த்தவர் உம்மா. "உசிருள்ளது ஒன்டும் வேணாம். உருவம் தொங்கினா வானத்து மலக்குமார் வரமாட்டாங்க. அவங்க வராத ஊட்டுக்கு மாப்புள வந்து என்ன செய்ய?" என்றார். இந்த ஒரு வசனத்தில் அரசர்கள், தளபதிகள், குதிரைகள், நாய்கள், விசிறியோடு உட்கார்ந்திருந்த சீமாட்டிகள் எல்லாரும் போய்விட்டார்கள். சிறகு முளைத்த குழந்தைகளைப் பற்றிப் பள்ளிவாசல் லெப்பையிடம் கேட்டுப் பார்க்கலாம் என்றார் வாப்பா. இந்தக் கோலத்தில் அதுகளைக் காட்டி எதையும் கேட்க வேண்டாம் என்றார் உம்மா. உடுப்பில்லாத பெண்கள் இருந்த எட்டுப் பக்கங்களையும் வெள்ளை நூலால் ஓரம் தைத்து மூடிவிட்டார். பேராதனைப் பல்கலைக்கழக நூலகத்தில் இவர்களையெல்லாம் மூன்று வருடமாக எனக்குத் தெரியும் என்பதை நான் சொல்லவில்லை. ஊசியில் நூல் கோத்துத் தரச் சொன்னார், கோத்துக் கொடுத்தேன். நீங்கள் கட்டலொக்கைத் திருப்பிக் கேட்டால் என்ன சொல்வது என்று தெரியவில்லை.

மிஞ்சியவை ஏழு. அதில் ஒரு பழத்தட்டு எல்லாருக்கும் பிடித்துக்கொண்டது. திராட்சை, பாதி தோல் உரித்த எலுமிச்சம்பழம், பக்கத்தில் சிவப்பாக ஏதோ நிறைந்த ஒரு கண்ணாடிக் கோப்பை. கோப்பையில் இருப்பது என்ன என்று பலீல் நானா சந்தேகப்பட, நன்னாரி சர்பத் என்று வாப்பா உறுதியாகச் சொன்னார். ஆனாலும் ஒரு வார்த்தை கேட்டு வைப்போமென்று மீராசாஹிப் லெப்பையைக் கூப்பிட்டார்கள். அவர் பூதக்கண்ணாடியோடு வந்து, குர்ஆன் ஓதுவது போலவே வலமிருந்து இடமாகப் படத்தைப் பார்த்துக்கொண்டு போனவர், எலுமிச்சம்பழத்தின் மேல் ஈ மாதிரித் தெரிந்த ஒரு கறுப்புப் புள்ளியில் நின்றுவிட்டார்.

"இலையான் ஒன்டு குந்திட்டு ஈக்கு."

"இலையான்தானே லெப்ப?" என்றார் வாப்பா. "அது ஊட்டுக்குள்ள எங்கள்ட்ட கேட்டுட்டா வருது?"

"வாற இலையான் வேற. நீங்க பிரேம் போட்டு வைக்கிற இலையான் வேற" என்றார் லெப்பை.

பழத்தட்டு போயிற்று. அடுத்தது கடல். ஆளைக் காணவில்லை, பெரிய அலையும் சரிந்த கப்பலும் மட்டும். லெப்பைக்கு ஆட்சேபம் இல்லை. வாப்பாதான் மறுத்தார். "முங்கப் போற கப்பலச் சுவர்ல மாட்டிட்டு நான் கொழும்புக்கு மிளகு அனுப்புறதா?" இப்படியே ஒவ்வொன்றாகக் கழிந்து, ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முதல் நாள் நாற்பத்தோராம் இலக்கத்தில் வந்து நின்றோம். பழைய ஒல்லாந்து ஓவியம். இரண்டு பக்கமும் உயர்ந்த மரங்கள், நடுவே ஒரு செம்மண் பாதை, மேலே முக்கால்வாசி மேகம். மாடு இல்லை, ஆடு இல்லை, பறவையென்று சந்தேகப்பட்டது அச்சில் விழுந்த புள்ளி. எல்லாரும் ஒரே மனதாகச் சம்மதித்தது இந்த வீட்டில் எனக்குத் தெரிந்து அதுதான் முதல் தடவை.

பிரேமுக்குச் சொல்லி வைப்பதற்காக வாப்பாவும் நானும் கட்டலொக்கோடு மாத்தளைக்குப் போனோம். பெரிய தெருவில் படத்துக்குக் கண்ணாடி போடும் சிவலிங்கத்தின் கடை. சுவரெல்லாம் முருகனும் லட்சுமியும் கலியாண சோடிகளும். அவர் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மொதலாளி, சாமி படம்னா முகத்த நடுவுல வச்சிப் பிரேம் போட்டுருவேன். இதுல முகமே இல்லியே, எத நடுவுல வைக்கிறது? டீச்சரம்மா, நீங்க சொல்லுங்க."

"அவ இன்னும் டீச்சர் இல்ல" என்றார் வாப்பா.

"ஆவாங்க, ஆவாங்க" என்று சிவலிங்கம் தன் கண்ணாடியை மூக்கில் இறக்கிவிட்டுக் குனிந்தார். பிறகு விரல் நகத்தைப் பாதையின் நடுவில் வைத்தார். "இந்தா இருக்காளே! ஒரு பொம்பள போறா மொதலாளி. தலையில ஒரு கூடை. ஒளிஞ்சிக்கிட்டு இருந்திருக்கா."

உளுந்து அளவு இருந்தாள். நாலு கிழமையாக எட்டுக் கண்கள் பார்த்தும் ஒருவருக்கும் தெரியவில்லை. உண்மையைச் சொல்வதென்றால், முதல் நாளே எனக்குத் தெரிந்தது. ஒருவரும் என்னைக் கேட்கவில்லை.

மறுபடியும் லெப்பை, மறுபடியும் பூதக்கண்ணாடி. பெண் முதுகைக் காட்டிக்கொண்டு தூரமாகப் போவதால், மூஞ்சி தெரியாதபடியால், அந்தளவுக்குப் பிழையில்லை என்று லெப்பை பெரிய மனது வைத்தார். நான் மூச்சு விட்டேன். அப்போதுதான் பலீல் நானா வாயைத் திறந்தார்.

"மார்க்கம் சரி. மாவனல்லைக்காரங்க வந்து குந்தியதும் காணுறது எனத்த? ஒரு கொமரு தன்னந்தனிய ரோட்டுல போறா. இந்த ஊட்டுல பொம்புளப் புள்ளகள் இப்பிடித்தான் போவாங்க போல என்டு நினைக்க மாட்டாங்களா?"

வாப்பா படத்தைக் கையிலெடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். "எங்கதான் போறா அவ?" என்று கேட்டார். சந்தைக்கு என்றார் லெப்பை. தாய் வீட்டுக்கு என்றார் உம்மா, புருஷனோடு சண்டை என்றும் சேர்த்துக்கொண்டார். சண்டையென்றால் கூடையைக் கொண்டு போவாளா என்று லெப்பை கேட்க, பெட்டி இல்லாதவள் கூடையைத்தான் கொண்டு போவாள் என்று உம்மா சொல்ல, நான் திரைச்சீலைக்கு வெளியே வந்துவிட்டிருந்தேன். எப்படி வந்தேன் என்று எனக்கே தெரியாது.

"வேலைக்குப் போறா வாப்பா."

வாப்பா என்னைப் பார்க்கவில்லை. படத்தைத்தான் பார்த்தார்.

"எத்தின மணிக்குத் திரும்பி வருவா?"

"அஞ்சு மணி பஸ்ஸுல."

முன்னூறு வருடத்துக்கு முந்திய ஒல்லாந்துப் பாதையில் பஸ் ஏது என்று ஒருவரும் கேட்கவில்லை. பலீல் நானா மட்டும் வெற்றிலைத் தட்டை மெதுவாகத் தள்ளி வைத்தார். வாப்பா நேற்று என்னையும் கூட்டிக்கொண்டு மறுபடி சிவலிங்கத்தின் கடைக்குப் போனார். ஓர் இலையானுக்கு இடம் கொடுக்காத வீட்டின் தலைவர், குரலைத் தாழ்த்திக் கேட்டது இது:

"இவளுக்குப் பக்கத்துல ஒரு ஆம்புளயப் போட ஏலுமா?"

"போட்டுரலாம் மொதலாளி" என்றார் சிவலிங்கம், இதற்கென்றே காத்திருந்தவர் போல. "புருசனா, தகப்பனா?"

வாப்பா கொஞ்சம் யோசித்தார். "தகப்பன்."

"தகப்பன்னா ரெண்டடி முன்னால நடக்கணும். கையில குடை குடுக்கட்டா?"

"குடுங்க. மூஞ்சி மட்டும் வேணாம்."

ஆகவே மாமா, நாற்பத்தோராம் இலக்கப் படத்தின் அச்சுப் பிரதியை, மூன்றுக்கு இரண்டு அடியில், மடியாமல் குழாயில் சுற்றி உடனே அனுப்பி வைக்கும்படி வாப்பா கேட்டுக்கொள்கிறார். தகப்பனையும் குடையையும் இங்கே சிவலிங்கம் போட்டுக்கொள்வார். மாப்பிள்ளை வீட்டாரை மே மூன்றாம் திகதி, ஞாயிற்றுக்கிழமை, வரச் சொல்லலாம் என்று எண்ணம். எனக்கு எதுவானாலும் சம்மதமே.

மாமிக்கு ஸலாம். பிள்ளைகளுக்கு என் அன்பு முத்தங்கள். உங்கள் காரியங்களை அல்லாஹ் இலேசாக்கி, எங்கள் சுவர் விஷயத்தையும் அதோடு சேர்த்து இலேசாக்குவானாக.

இப்படிக்கு,
அன்பு மருமகள்,
ஜ. றமீஸா

பி.கு.: "எழுதி முடிச்சா?" என்று வாப்பா கேட்டார். முடித்தேன் என்றேன். அவர் அஸர் தொழப் போய்விட்டார். இனி நான் எழுதுவது. படத்தை உடனே அனுப்பச் சொல்லி மேலே எழுதியிருக்கிறேன். தயவு செய்து அனுப்ப வேண்டாம். மே மாதம் பாதி கழியட்டும். எதுவானாலும் சம்மதம் என்றதும் உண்மையில்லை. பதில் எழுதாமல் காத்திருக்கிறேன் என்றதும் உண்மையில்லை. பொறுப்பேற்க வருகிறேன் என்று பதிவுத் தபாலில் பதில் அனுப்பிப் பதினைந்து நாளாகிறது. வீட்டில் சொல்ல வாயெடுக்கும் போதெல்லாம் யாராவது படத்தைப் பற்றிப் பேசத் தொடங்கிவிடுகிறார்கள். நேற்று மாத்தளையிலிருந்து திரும்பும்போது பஸ்ஸில் வாப்பா, "நாலந்தாவுக்கு நேரா பஸ் ஈக்கா?" என்று ஜன்னலைப் பார்த்துக் கேட்டார். "மாத்தளையில மாறணும் வாப்பா" என்றேன். அதற்கு மேல் அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. தானாகப் "போ" என்று சொல்ல அவருக்கு வாய் வராது. நீங்கள் வந்து முன்னால் நின்றால் வேண்டாம் என்று சொல்லவும் வாய் வராது. மாமா, மூன்றாம் திகதி ரயிலில் வெறுங்கையோடு வாருங்கள். மறுநாள் காலை ஆறே முக்கால் பஸ்ஸுக்குச் சந்தி வரைக்கும் என்னோடு நடந்து வாருங்கள். அது போதும். அதற்கு அப்பால் நான் தனியாகப் போய்க்கொள்வேன்.