மூடின ஸ்டேஷனும் ஸ்டேஷன்தான், அண்ணி

மாதா துணை

வல்லம் வடகால்

அன்புள்ள லீலா அண்ணிக்கு அருள்மேரி எழுதுவது. மாதா புண்ணியத்தில் இங்கே எல்லோரும் சுகம். நீங்கள் சுகமா என்று கேட்க வேண்டியதில்லை, நேற்று போனில் போட்ட சத்தத்திலேயே நல்ல தெம்போடு இருப்பது தெரிந்தது. என்னைப் பேச விடாமல் வைத்துவிட்டீர்கள், அதனால் எழுதுகிறேன்.

என் பெண் பெனிஷாவின் கல்யாண பயோடேட்டாவில் ‘ரயில் நிலையத்துக்கு எதிர் வீடு’ என்று நான் எழுதினது பொய், அதனாலேயே பொன்மலை சம்பந்தம் கெடப்போகிறது என்கிறீர்கள். தினமும் வரவு செலவு எழுதுகிற கை அண்ணி இது, இல்லாததை எழுத வராது. ஸ்டேஷன் இருக்கிறது. மூடியிருக்கிறது, அவ்வளவுதான். பூட்டியிருந்தால் கோயில் கோயில் இல்லையென்று ஆகிவிடுமா? ஸ்ரீபெரும்புதூர் எவ்வளவு பெரிய ஊர், அதுக்கே ரயில் நிலையம் கிடையாது. எங்களுக்கு மூடுவதற்காவது ஒன்று இருந்ததே.

மாப்பிள்ளை ஜோவின் அப்பா ஃபிரடி சார் ரிட்டயர்டு ஸ்டேஷன் மாஸ்டர்தான், அதுக்காக வீட்டு வாசல் வரைக்கும் ரயிலிலேயே வருவார் என்று நான் கண்டேனா? தாம்பரம் கவுண்டரில் எங்கள் ஸ்டேஷனுக்கு டிக்கெட் கேட்டிருக்கிறார், உள்ளே இருந்த பெண் அப்படி ஒரு ஸ்டேஷனே கிடையாது சார் என்று சிரித்திருக்கிறாள். வாழ்நாளெல்லாம் கொடி காட்டின மனுஷனுக்கு எப்படி இருக்கும்? கால் டாக்ஸியில் குடும்பத்தோடு வந்து இறங்கினார், காபியைத் தொடவில்லை. உள்ளே பெனிஷா அழ ஆரம்பித்துவிட்டாள், அவளுக்கு ஜோவை ரொம்பப் பிடித்துவிட்டது, உங்களிடம் மட்டும் சொல்கிறேன். எங்கள் வீட்டுக்காரர் என் காதோரம் வந்து, “இன்னா மேரி, மானத்த வாங்கிட்டியே” என்றார். நான் முந்தானையை இழுத்து செருகிக்கினு, வாங்க சார் காட்டுறேன்னு முன்னால நடந்தேன்.

வாட்ச்மேன் வனமாமலை திருநெல்வேலிக்காரர், ஒருத்தரும் எட்டிப் பாக்க மாட்டாவ, இன்னைக்கு கூட்டமால்லா வந்திருக்கிய அக்கான்னு சொல்லிக்கிட்டே பூட்டைத் திறந்தார். படியேறிக்கினே சாருக்கு சரித்திரம் பூரா சொன்னேன். வேலைக்கு வர்ற பொண்ணுங்களுக்கு இங்க ஹாஸ்டல் கட்டின கம்பெனியே, அவங்க கம்பெனி வரைக்கும் தூண் மேல தண்டவாளம் போட்டு ரெண்டு பெட்டி ரயில் வுட்டது, ஃபாதர் வந்து மந்திரிச்சது, முதல் வண்டியில முதல் ஆளா நான் ஜெபமாலையோட உக்காந்தது, அப்புறம் ஸ்டேஷனுக்கு வர்றதுக்குப் புடிச்ச ஷேர் ஆட்டோ நேரா கம்பெனி கேட்லயே வுட்டுடுதுன்னு ஷிஃப்ட் போற பொண்ணுங்க கண்டுபுடிச்சது, கடைசி வண்டிக்கு நாங்க தெருவே நின்னு டாட்டா காட்டினது, எல்லாம். எதிர் வண்டி வந்தா எங்க நிறுத்துவாங்கன்னு சார் கேட்டார். வேற வண்டியே கிடையாது சார், ஒரே வண்டிதான் போய்ட்டுப் போய்ட்டு வரும்னேன். சார் பிளாட்பாரம் ஓரம் வரைக்கும் போய் ரெண்டு பக்கமும் எட்டிப் பார்த்தார்.

“என் சர்வீஸ்ல எனக்கு இப்படி ஒரு ஸ்டேஷன் குடுக்கலியேம்மா.”

அப்புறம் டிக்கெட் ரூமில் போய் உட்கார்ந்தவர்தான். கீழேயிருந்து அவர் சம்சாரம், பொண்ணு பார்க்க வந்தமா டூட்டி பார்க்க வந்தமா என்று கத்தியும் அசையவில்லை. பிரியாணி ஆறினப்புறம் இறங்கி வந்தார். சம்பந்தம் பற்றி ஒரு வார்த்தை பேசாமல் போய்விட்டார்.

போனால் போகட்டும் அண்ணி. பொய் சொல்லிப் பெண்ணைக் கட்டிக்கொடுத்தாள் என்ற பேர் எனக்கு வேண்டாம். அண்ணனுக்கு என் ஸ்தோத்திரம், பிள்ளைகளுக்கு மாதாவின் ஆசீர்.

இப்படிக்கு,
உண்மையை மட்டுமே எழுதும் நாத்தனார்
அருள்மேரி

பின்குறிப்பு: கவரை ஒட்டும்போது ஃபிரடி சார் போன். பொண்ணைப் புடிச்சிருக்காம். ஆனா கல்யாணத்துக்கு அவங்க ஜனம் பூரா நம்ம ஸ்டேஷன்லதான் வந்து இறங்கணுமாம், அதுக்குள்ள திறந்துடுவாங்களான்னு கேட்டார். பெனிஷா என் மூஞ்சியையே பார்த்துக்கினு நின்னா. திறந்துடுவாங்க சார், தேதி கூட குறிச்சாச்சுன்னு சொல்லிட்டேன். உங்களைக் கேட்டா நீங்களும் அதையே சொல்லுங்க.