குருவிகள் சிந்திய பத்தொன்பது நெல்

காவிரி பாயும் இத்தனை ஊர்களிலும் மண்ணை நக்கிப் பார்த்துச் சம்பளம் வாங்கிய ஒரே மனிதர் எங்கள் உப்பு டாக்டர்தான்.

தஞ்சாவூர்ப் பக்கத்தில் ஒரு நெல் ஆராய்ச்சி நிலையம். அங்கே நான் ஸ்டோர் கீப்பர், அவர் மூலக்கூறு உயிரியல் விஞ்ஞானி. அலையாத்திக் காட்டோரம் உப்புத் தண்ணீரில் நின்றபடியே வளரும் ஒரு காட்டு நெல் உண்டு. உப்பைத் தாங்கும் அதன் மரபணுவை நம்மூர் நெல்லுக்குள் கொண்டுவந்தே தீருவது என்று பிடிவாதமாக இருந்தார். வயலில் இறங்கியதும் ஒரு சிட்டிகை மண்ணை எடுத்து நாக்கில் வைப்பார். பிறகு உப்பு அளக்கும் மீட்டரை எடுத்து, அது ஒழுங்காகச் சொல்கிறதா என்று பார்ப்பார். மதியம் தயிர்சாதத்துக்கு உப்பே போட்டுக்கொள்ள மாட்டார். “காலையிலேயே நாலு வயல் சாப்பிட்டாச்சுங்க” என்பார்.

மரபணுவைப் பெருக்கும் மெஷின் ஓடும்போது கரண்டு போய்விட்டால் லைன்மேனுக்குப் போன் பறக்கும். “தம்பி, இன்னும் பன்னெண்டு சுத்துதான் பாக்கி. ஒரு அரைமணி நேரம் மட்டும் குடுங்க, அப்புறம் ஊரையே இருட்டாக்கிக்குங்க!” அந்த லைன்மேன் வீட்டுக் கல்யாணத்தில் இவருக்கு முதல் வரிசை நாற்காலி.

எனக்கும் அவருக்கும் கோட்டு விஷயத்தில் மட்டும் ஆகாது. வெள்ளைக் கோட்டைத் துவைத்துத்தான் ஸ்டோரில் திருப்பித் தர வேண்டும் என்பது என் சட்டம். அவர் தரும் கோட்டில் சேறு, சாயம், முந்தாநாள் ரசம் எல்லாம் இருக்கும்.

பதினோரு வருஷம் ஒன்றும் தேறவில்லை. உப்பைத் தாங்கிய செடி கதிர் விடாது. கதிர் விட்ட செடி உப்பில் கருகிவிடும். கடைசியில் முத்துப்பேட்டைப் பக்கம் கோவிந்தசாமி என்ற விவசாயியின் வயலில் தன் நெல்லை ஒரு பாத்தி போட்டார். அந்த வருஷம் பார்த்துக் கடல் தண்ணீர் வாய்க்கால் வழியாக ஏறி, மொத்த வயலையும் தீய்த்துவிட்டது. டாக்டரின் பாத்தியில் ஒரே ஒரு குத்து நெல் மட்டும் பச்சையாக நின்று கதிர் வாங்கியது. அடையாளத்துக்கு அதில் ஒரு சிவப்பு நூலைக் கட்டினார். “வேற விதை கையில இல்லீங்க. என் பதினோரு வருஷமும் இந்த ஒரு குத்துலதான் நிக்குது” என்றார்.

முற்றியதும் அறுக்கப் போனோம். குத்து இருந்த இடத்தில் அடிக்கட்டைதான் இருந்தது.

“கதிர் எங்கம்மா?”

கோவிந்தசாமியின் மனைவி செல்வி முகமெல்லாம் சிரிப்பாகச் சொன்னார். “மாரியம்மனுக்குக் கட்டியாச்சுங்க! நீங்கதான் செவப்பு நூல் கட்டி நேந்து விட்டிருந்தீங்களே. வயலே போயும் அது ஒண்ணுதானே பொழச்சு நின்னுச்சு. மொதக் கதிர் ஆத்தாளுக்குத்தானங்க?”

அங்கே முதல் கதிரைக் கொத்தாகக் கட்டிக் கோயில் வாசலில் தொங்கவிடுவது வழக்கம். குருவிகள் வந்து தின்னும். விழுந்தடித்து ஓடினோம். ஏழெட்டுக் குருவிகள் ஏற்கனவே பந்தியில் உட்கார்ந்திருந்தன. நான் கைதட்டி விரட்டிவிட்டு, ஏறி நிற்க ஸ்டூல் தேடினேன். பின்னாலேயே வந்த செல்வி தடுத்தார்.

“சாமிக்குக் கட்டுனத அவுக்கக் கூடாதுங்க.”

டாக்டர் வாதாடவில்லை. கதிர்க்கொத்தை அண்ணாந்து பார்த்தார். “அவுக்க வேணாம்மா. கீழ விழறத எடுத்துக்கலாமா?”

“அது பிரசாதங்க. தாராளமா எடுத்துக்குங்க.”

போட்டிருந்த கோட்டைக் கழற்றி வாசலில் விரித்தார். திரும்பி வந்த குருவிகளை நான் மறுபடி விரட்டப் போக, கையைப் பிடித்துக்கொண்டார். “சும்மா இருங்க சார்! அது கொத்துனாத்தான் விழும். தின்னட்டும். சிந்திச் சிந்தித் தின்னட்டும்.”

வெயில் சாயும்வரை அங்கேயே சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். சாமி கும்பிட வந்த ஓர் அம்மாள் இரக்கப்பட்டு, கோட்டின்மேல் இரண்டு வாழைப்பழம் வைத்துவிட்டுப் போனார். டாக்டர் கும்பிடு போட்டு எடுத்து, எனக்கு ஒன்று தந்தார்.

சாயங்காலம் எண்ணிப் பார்த்தோம். பத்தொன்பது நெல். ஒரு தீப்பெட்டிக்குள் போட்டுக்கொண்டு ஜீப்பில் ஏறினார். “முளைக்குமா சார்?” என்று கேட்டேன். தீப்பெட்டியைத் திறந்து மறுபடி எண்ண ஆரம்பித்தார்.

பதினாலு முளைத்தன. அவற்றிலிருந்துதான் மரபணு பிடிபட்டது, கட்டுரையும் வந்தது. கடல் ஏறும் நாடுகளில் நெல் ஆராய்ச்சி செய்கிறவர்கள் இன்று அந்தக் கட்டுரையில்தான் ஆரம்பிக்கிறார்களாம். ‘விதைகள் கோயில் வாசலில் குருவிகள் சிந்தியவை’ என்ற வரியை மட்டும் எடுத்துவிடும்படி, அச்சாகும் முன் ஆராய்ச்சிப் பத்திரிகையின் ஆசிரியர் எழுதியிருந்தார். டாக்டர் மூன்று மாதம் கடிதத்திலேயே சண்டை போட்டு அதை நிலைநிறுத்தினார். “நடந்தது அதானேங்க?” என்றார் என்னிடம்.

அன்றைக்கு விரித்த கோட்டை மட்டும் அவர் திருப்பித் தரவே இல்லை. நானும் கேட்டுக் கேட்டு அலுத்துப்போனேன். போன வருஷம் ஓய்வு பெற்ற அன்று, மடித்து எடுத்துக்கொண்டு ஸ்டோருக்கு வந்தார். குருவி எச்சம், குங்குமம், வாழைப்பழக் கறை எல்லாம் அப்படியே இருந்தன.

“துவைச்சுக் கொண்டாந்து தரட்டுங்களா?” முதல்முறையாக அவரே கேட்டார்.

“வேணாங்க சார், அப்படியே குடுங்க” என்று வாங்கிக்கொண்டேன். இப்போது அது என் வீட்டு பீரோவில் இருக்கிறது. துவைக்க எடுத்தால் எனக்குக் கோபம் வருமென்று என் மனைவிக்குத் தெரியும்.