கணவரை மீட்கும் குழு

இயக்குநர் வேலைக்கான நேர்காணலுக்கு முதல் ஆள் வரவே இல்லை. இரண்டாவது ஆள் நன்றாகத்தான் பேசினார். முதியோர் இல்லத்தைச் சுற்றிப் பார்க்கப் போனவர், பின்வாசல் வழியாக ஆட்டோ பிடித்துப் போய்விட்டார்.

"சுத்திக் காட்டினது யாரு?" என்றார் நிர்வாகக் குழுவில் ஒருவரான ஆடிட்டர்.

"வேற யாரு, அம்மாவோட வீட்டுக்காரர்தான்" என்றார் இன்னொரு உறுப்பினரான ஜவுளிக்கடைக்காரர்.

அம்மா என்றது பல் டாக்டரை. அந்த முதியோர் இல்லத்தின் நிர்வாகக் குழுத் தலைவி அவள். பழைய இயக்குநர் சொல்லாமல் கொள்ளாமல் விலகியபோது, "புது ஆள் கிடைக்கிறவரைக்கும் நான் பாத்துக்கறேன்" என்று சம்பளம்கூட வாங்காமல் வந்து உட்கார்ந்தவர் அவள் கணவர், ஓய்வுபெற்ற பொறியாளர். மழைக்கு ஒதுங்கியவர் குடியேறிவிட்ட கதையாக ஒரு வருஷம் ஓடிவிட்டது. வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் இப்போது பழைய செய்தித்தாள்கள்தான் உட்கார்ந்திருக்கின்றன. இன்று எவரையாவது இயக்குநராக்கி, மனுஷனை வீட்டுக்கு இழுத்துப் போய்விடுவது என்று கங்கணம் கட்டிக்கொண்டு வந்திருந்தாள்.

அவள் வீடு தங்குவதும் அபூர்வம்தான். பகலில் கிளினிக், மாலையில் இல்லத்துக் கூட்டம். சுவருக்கு வண்ணம் பார்க்க ஒரு துணைக்குழு அமைத்து, அதற்கும் தானே தலைவியானவள்.

சமையற்கார அக்கா காபித் தட்டோடு வந்தாள். கூடவே வந்த கணவர் ஒரு கோப்பையை எடுத்து மனைவி முன்னால் வைத்தார்.

"அந்த ரெண்டாவது ஆள்கிட்ட என்ன சொன்னீங்க?" என்றாள் அவள்.

"ஒண்ணுமில்ல மேடம். லிஃப்ட் அப்பப்ப நின்னுடும்னேன். தலைவி கொஞ்சம் கோபக்காரங்கன்னேன்."

"அது எதுக்கு?"

"பின்னாடி தெரிஞ்சு வருத்தப்படக் கூடாதில்ல."

மூன்றாவதாக வந்த பெண், ஓர் ஆஸ்பத்திரியையே நிர்வகித்தவள். விட்டால் இவளையும் விரட்டிவிடுவார் என்று டாக்டரம்மாவே சுற்றிக்காட்டக் கிளம்பினாள். கூடத்தில் சீட்டாடிக்கொண்டிருந்த பெரியவர்கள் நிமிர்ந்தார்கள்.

"புது ஆளா? எங்க சாருக்கு என்ன குறை?"

அறைக்கு அறை அதே கேள்வி. வாசலுக்கு வந்ததும் அந்தப் பெண் கைகூப்பினாள். "கல்யாணம் ஆனவருக்குப் பொண்ணு பாக்கிற மாதிரி இருக்கு மேடம். நான் வரேன்."

டாக்டரம்மா விடவில்லை. காற்று வீசினால்கூடக் குறை சொல்லும், அங்கேயே தங்கியிருந்த ஓய்வுபெற்ற வாத்தியாரைக் கூட்டத்துக்கே வரவழைத்தாள்.

"உங்க இயக்குநரைப் பத்தி இருக்கிற புகாரையெல்லாம் சொல்லுங்க சார்."

"சிடுமூஞ்சி. சக்கரையைக் கண்ல காட்ட மாட்டேங்கறார்" என்றார் வாத்தியார். டாக்டரம்மா முகம் மலர்ந்தது. "ஆனா எனக்கு இருமல் வந்தா, ஓடி வந்து நெஞ்சைத் தடவிக் குடுக்கிறவர் அவர்தான். அவரையே நிரந்தரமாக்குங்க."

ஜவுளிக்கடைக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "ஆக்கிடலாம்."

"குழுவில இருக்கிறவங்க வீட்டு ஆளை நியமிக்கக் கூடாதுன்னு விதி இருக்கே" என்றார் ஆடிட்டர். "ரெண்டு பேர்ல ஒருத்தர்தான் இங்க இருக்கலாம்."

டாக்டரம்மா கணவரைப் பார்த்தாள். "நீங்க என்ன சொல்றீங்க? வீட்டுக்கு வரீங்களா?"

"நான் இங்கதான் இருப்பேன்" என்றார் அவர், பொம்மையைப் பிடுங்க வந்தவர்களைப் பார்க்கும் குழந்தையைப் போல.

அவள் முன்னால் கிடந்த விண்ணப்பங்களை மூடி வைத்தாள். இவ்வளவு ஆசையா இந்த இல்லத்தின் மேல்? தான் யார் குறுக்கே நிற்க?

"சரி, நான் தலைவி பதவியை விட்டுடறேன். இனிமே இந்தப் பக்கமே வரல."

எல்லாரும் கைதட்டினார்கள். கணவர் முகத்தில் மட்டும் ஈயாடவில்லை.

"வரவே மாட்டியா?" 'மேடம்' என்ற சொல் காணாமல் போயிருந்தது. "கூட்டத்துக்குக்கூடவா?"

காலிக் கோப்பைகளை அடுக்கிக்கொண்டிருந்த சமையற்கார அக்கா தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"என்னம்மா இப்படிப் பண்ணிட்டீங்க? வீட்ல உங்களைக் கண்ணாலயே பாக்க முடியலன்னுதானே ஐயா இந்த வேலைக்கே வந்தாரு."