கடைசி வண்டிக்கு ராக்கெட்டா?

தீவிரவாதியைக் கண்டுபிடிக்க உளவுத்துறை வேண்டும். திறமைவாதியைக் கண்டுபிடிக்க ஒரு கார்ட்டூன் கார்ப்பந்தய விளையாட்டு போதும்.

திறமைவாதியை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பார்த்ததும் அடையாளம் தெரியாது, அதுதான் சிக்கல். மற்றவர்களைப் போலவே சட்டை போட்டிருப்பார், வரிசையில் நிற்பார், பிறர் வீட்டுத் துக்கத்துக்குப் போனால் உண்மையாகவே கண்கலங்குவார். ஆனால் யாருக்காவது எங்கேயாவது ஒரு கைத்தாங்கல் கிடைத்தது என்று காதில் விழுந்தால் போதும், நெற்றி சுருங்கிவிடும். "என்னை யாரு தூக்கிவிட்டாங்க? நான் சொந்தக் கால்ல நின்னவன்" என்பார். அந்தக் கால் நின்ற தரையை யார் போட்டார்கள், யார் பெருக்கினார்கள் என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். தரையா? எந்தத் தரை?

இந்த இனத்தின் தரமான மாதிரி ஒருவர் இருக்கிறார். கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளியில் பயிற்சியாளர். எல்லாரும் அவரை மாஸ்டர் என்பார்கள். அந்தப் பள்ளிக் காரில் பிரேக் இரண்டு. ஒன்று, கற்றுக்கொள்பவரின் காலடியில். இன்னொன்று, பக்கத்து இருக்கையில் சாய்ந்திருக்கும் மாஸ்டரின் காலடியில். கற்றுக்கொள்பவருக்கு உள்ளங்கை வியர்க்கும், பிடரி வியர்க்கும், காது மடல்கூட வியர்க்கும். மாஸ்டருக்கு எதுவும் வியர்க்காது. "பயம்னா என்னன்னே எனக்குத் தெரியாதுங்க" என்பார். எப்படித் தெரியும்? தனி பிரேக் வைத்திருப்பவருக்குப் பயத்தோடு என்ன பழக்கம்?

ஆனாலும் அவருக்கும் அலுப்பு உண்டு. வாரமெல்லாம் "கண்ணாடியப் பாருங்க, கண்ணாடியப் பாருங்க" என்று தொண்டை வறண்ட மனிதருக்கு ஞாயிற்றுக்கிழமை வேண்டியது ஒரே ஒரு பொருள்: யாரும் சாகாத சாலை. அது அவர் வீட்டுத் தொலைக்காட்சிக்குள் இருந்தது. மகள் பள்ளியில் படிக்கும்போது அவளுக்கென்று வாங்கிய விளையாட்டு. மகள் இப்போது கல்லூரிக்குப் போகிறாள். விளையாட்டு அப்பாவிடம் வந்து சேர்ந்துவிட்டது. அந்தச் சாலையில் கிரீடம் வைத்த தவளை கார் ஓட்டும், மூக்குக்கண்ணாடி போட்ட வாத்து அதை இடிக்கும், இடிபட்ட தவளை மூன்று சுற்றுச் சுற்றி மறுபடி சிரித்துக்கொண்டே கிளம்பும், மலையிலிருந்து விழுந்தால் ஒரு பலூன் வந்து சட்டைக் காலரைப் பிடித்துத் தூக்கிச் சாலையில் வைக்கும், தப்பான பக்கம் திரும்பினால் யாரும் திட்டமாட்டார்கள், வண்டிக்கு ஒரு கீறல் விழாது, காப்பீட்டுக்காரர் வீட்டுக்கு வரமாட்டார். வளர்ந்த மனிதர்கள் ஏன் இதில் விழுந்து கிடக்கிறார்கள் என்று இனியும் கேட்பீர்களா?

அந்தச் சாலையில் அங்கங்கே வண்ணப் பெட்டிகள் தொங்கும். மோதினால் உள்ளே ஒரு பொருள் கிடைக்கும். யாருக்கு எது கிடைக்கும் என்பதற்கு ஒரு விதி உண்டு. முன்னால் போகிறவருக்கு ஒரு குடுவை சோப்புத் தண்ணீர். பின்னால் வருபவர் வழுக்க ஊற்றிக்கொள்ளலாம். நடுவில் வருகிறவருக்கு அழுகிய தக்காளி. கடைசியில் வருகிறவருக்கு ராக்கெட்! ஏறி உட்கார்ந்தால் எல்லார் தலைக்கும் மேலே பறக்கலாம். எங்கோ ஒரு அறையில் இந்த விளையாட்டைச் செய்தவர்கள் உட்கார்ந்து, பின்தங்கியவர் மனம் உடைந்து எழுந்து போய்விடக் கூடாது என்று யோசித்திருக்கிறார்கள். தவளைக்காகவும் வாத்துக்காகவும் அவர்களுக்குத் தோன்றிய இந்த யோசனை நம் பெரிய மனிதர்களுக்குத் தோன்ற எத்தனை கமிஷன் போட வேண்டியிருக்கிறது! போட்ட பிறகும் தோன்றுகிறதா?

மாஸ்டருக்கு அந்த விதி வெகுநாள் உறுத்தவில்லை. ஏனென்றால் அவர்தான் எப்போதும் முதலில் போனார். தவளை அவருடையது. வாத்து அவருடைய மச்சானுடையது. மச்சான் என்றால் மனைவியின் தம்பி. வேலை கிடைக்கும்வரை இருக்கட்டும் என்று வந்தவன், வேலை கிடைத்த பிறகும் விருந்தாளியாகவே இருக்கிறான். மகளுக்கு ஒரு முயல். மனைவிக்கு ஒரு பருத்த பூனை.

மனைவி ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கிறவர். வாரத்துக்கு ஆறு நாள் அவரும் வேலைக்குப் போகிறார் என்பதை இங்கே சொல்லி வைக்கிறேன். பின்னால் மறந்துவிடும், அந்த வீட்டில் எல்லாருக்கும் மறந்திருந்தது.

ஞாயிறு மதியச் சாப்பாடு முடியும். மாஸ்டர் கையைத் துடைத்துக்கொண்டு, தன் ராசியான நீல மெத்தையில் உட்கார்ந்து, ராசியான நீலக் கன்ட்ரோலரை எடுப்பார். (ராசியா? திறமைவாதிக்கா? பேசாமல் மேலே படியுங்கள்.) மச்சான் பக்கத்தில் சாய்வான். மகள் தட்டுகளை அள்ளி அம்மாவிடம் கொடுத்துவிட்டு ஓடிவருவாள்.

"வா வா, ஆரம்பிக்கப் போறோம்!" என்று கூடத்திலிருந்து மாஸ்டர் குரல் கொடுப்பார்.

"ரெண்டு நிமிஷங்க! குக்கர் மட்டும் தேய்ச்சுட்டு வந்துடறேன்!"

மூன்று, இரண்டு, ஒன்று. மாஸ்டரின் விரலுக்கு ரெண்டு நிமிடம் தெரியாது. தவளை சீறும், வாத்து பாயும், முயல் தாவும். பருத்த பூனை மட்டும் கோட்டிலேயே வழிமேல் விழி வைத்து நிற்கும். முதல் சுற்று பாதி முடிந்தபின் மனைவி வருவார், ஈரக்கையைத் தோளில் துடைத்துக்கொண்டு. உட்கார இடம் பார்த்து, மச்சானின் காலைத் தள்ளிவிட்டு, பூனையைக் கிளப்புவார். போட்டி முடிந்ததும் மாஸ்டர் சோம்பல் முறித்துக்கொண்டு அறிவிப்பார்: "இதுக்கெல்லாம் ஒரு கை வேணும். சும்மா வராது."

"கை ஈரமில்லாம இருந்தாலே போதும்" என்பார் மனைவி. யார் காதிலும் விழாது.

இப்படியே போயிருக்கும். ஆனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை பூனைக்கு ராக்கெட் கிடைத்தது. முன்பும் கிடைத்திருக்கிறது, மூன்றாவதாக வந்து நின்றிருக்கிறது. அன்று கடைசிச் சுற்றின் கடைசி வளைவில் கிடைத்தது. முடிவுக்கோடு தவளையின் மூக்குக்கு எதிரே இருந்தது. பருத்த பூனை மேலே பறந்து வந்து, வாலால் தவளையின் கிரீடத்தைத் தட்டிவிட்டு, முதலில் போய் இறங்கியது.

மாஸ்டர் எழுந்து நின்றார்.

"இது அநியாயம்! முன்னாடி போறவனுக்கு சோப்புத் தண்ணி, கடைசியில வர்றவளுக்கு ராக்கெட்டா? அப்புறம் எவன்தான் முன்னாடி போவான்?"

"அதான்ப்பா இந்த விளையாட்டே" என்றாள் மகள்.

"மாமா சொல்றது சரிதான். ஓட்டத் தெரிஞ்சவனுக்கு மரியாதை இல்ல" என்றான் மச்சான். அவன் நான்காவதாக வந்திருந்தான்.

ஆடத் தெரியாதவள்தான் கூடம் கோணல் என்பாள் என்று நினைத்திருந்தோம். ஆடத் தெரிந்தவரும் சொல்வார், ஒரு தடவை தோற்றால் போதும்.

அந்த வாரம் முழுக்க மாஸ்டர் பொருமினார். புதிதாகக் கார் பழக வந்திருந்த ஒரு அம்மா, ஸ்டியரிங்கைக் கிணற்றுக் கயிறு போலப் பிடித்துக்கொண்டிருந்தார். அவரிடமும் ஆரம்பித்தார்.

"நீங்களே சொல்லுங்கம்மா. பின்னாடி வர்றவங்களுக்கெல்லாம் ராக்கெட் குடுத்தா உலகம் உருப்படுமா? திறமைக்கு என்ன..."

"சார், லாரி!"

"...மதிப்பு இருக்கு?" என்று முடித்தபடியே மாஸ்டர் தன் பிரேக்கை மிதித்தார். லாரி தாண்டிப் போனது. அந்த அம்மாவுக்குப் பாதி உயிர் திரும்பி வர நேரமாயிற்று. மாஸ்டருக்குத் தன் காலடியில் இருந்தது என்ன என்று அப்போதும் உறைக்கவில்லை.

அடுத்த ஞாயிறு அவர் ஒரு கண்டுபிடிப்போடு வந்தார். விளையாட்டின் செட்டிங்ஸில் பெட்டிகளை அணைக்க ஒரு வழி இருந்தது. அணைத்தே விட்டார்.

"இன்னைக்கு சுத்தமான போட்டி. பெட்டி கிடையாது, ராக்கெட் கிடையாது. வெறும் திறமை. நான் ஜெயிச்சா இந்த வீட்ல இனிமே பெட்டியே கிடையாது, எப்பவும்."

மனைவி தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தார். "நான் ஜெயிச்சா?"

"என்ன வேணும் கேளு!" தாராளம்! தோற்க வாய்ப்பே இல்லாதவரின் தாராளம்.

"ஞாயித்துக்கிழமை பாத்திரம் நீங்க தேய்க்கணும். இனிமே எப்பவும்."

மச்சான் சிரித்தான். மாஸ்டரும் சிரித்தார். "சரி, ஒத்துக்கறேன்."

"அப்புறம் ஒண்ணு. நான் உக்காந்தப்புறம்தான் ஸ்டார்ட்."

"அதுக்கென்ன? அது நியாயந்தானே" என்றார் மாஸ்டர், நியாயத்தை முதல் தடவை வீட்டுக்கு அழைப்பவர் போல.

மனைவி தட்டுகளை அப்படியே மேஜைமேல் வைத்தார். அடுப்பங்கரை விளக்கை அணைத்தார். வந்து உட்கார்ந்தார். காய்ந்த கைகளோடு. அந்த வீட்டில் அப்படி ஒரு காட்சியை யாரும் பார்த்ததில்லை. மகள் அம்மாவின் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மூன்று, இரண்டு, ஒன்று.

முதல் சுற்றிலேயே பூனை தவளையின் பக்கத்தில் வந்துவிட்டது. வந்து, விலகவும் இல்லை. மாஸ்டர் வளைவுக்கு வளைவு உடம்பையே சாய்த்தார். அவர் மச்சான்மேல் சரிய, மச்சான் போய் மகள்மேல் சரிந்தான். "தள்ளுடா!" "நீங்கதான் மாமா தள்றீங்க!" அருவி வந்தது. தவளை எப்போதும் போல அருவியைச் சுற்றி வளைந்து போனது. பூனை நேராக அருவிக்குள்ளே நுழைந்தது.

"ஐயோ, விழுந்துட்டா!" என்றார் மாஸ்டர், மகிழ்ச்சியை மறைக்காமல்.

விழவில்லை. அருவிக்குப் பின்னால் ஒரு குகை இருந்தது. எத்தனை ஞாயிறு கடைசியில் வந்தவர் மனைவி! யாரும் திரும்பிப் பார்க்காத சாலையில் தனியாக வந்தபோது, எது பொந்து, எது குறுக்குவழி, எந்தப் பாறையை உரசினால் வண்டி திரும்பும் என்று ஒவ்வொன்றாகத் தடவித் தெரிந்துகொண்டிருந்தார். ஊற்றிய சோப்புத் தண்ணீரில் எல்லாம் வழுக்காமல் ஓட்டிப் பழகியிருந்தார். முதலில் போனவருக்கோ காலியான சாலை மட்டுமே பழக்கம்.

கடைசி நேர்ச்சாலையில் பூனை முன்னால், தவளை பின்னால். மாஸ்டரின் வலது கால் தரையை மிதித்தது. மறுபடி மிதித்தது. ஓங்கி ஓங்கி மிதித்தது. அடுத்தவர் வண்டியை நிறுத்துகிற அந்தப் பிரேக், பாவம், பள்ளிக் காரிலேயே தங்கிவிட்டது.

பூனை வென்றது. "பாட்டரி வீக்கா இருந்திருக்கும் மாமா" என்று மச்சான் மட்டும் ஆறுதல் சொன்னான்.

இதை இங்கேயே முடித்தால் மாஸ்டர் திருந்தினார் என்று நினைத்துக்கொள்வீர்கள். திறமைவாதி அவ்வளவு சீக்கிரம் திருந்துகிற ஜாதியா?

ஆனால் சொன்ன சொல் தவறாதவர். அதை ஒப்புக்கொள்ள வேண்டும். அடுத்த ஞாயிறு அவர் அடுப்பங்கரையில் முழங்கைவரை நுரையோடு நின்றார். குக்கரின் அடியில் பிடித்திருந்தது எளிதில் போகிற வகையைச் சேர்ந்ததல்ல. கூடத்தில் விளையாட்டின் இசை கேட்டது.

"இருங்க! ரெண்டு நிமிஷம்! குக்கர் மட்டும்..." என்றவர் பாதியில் நிறுத்தினார். அந்த வாக்கியத்தை எங்கோ கேட்டிருக்கிறோமே என்ற முகம்.

மூன்று, இரண்டு, ஒன்று என்றது தொலைக்காட்சி. ஸ்டார்ட் அழுத்தியவன் மச்சான். முன்னால் போக ஆள் இல்லாத இடத்தில் அவனுக்கும் திறமை முளைத்திருந்தது.

மாஸ்டர் ஓடிவந்தார். நீல மெத்தையில் மச்சான் உட்கார்ந்திருந்தான். தரையில் உட்கார்ந்து கன்ட்ரோலரைப் பிடித்தார், ஈரத்தில் வழுக்கியது. கிரீடம் வைத்த தவளை கோட்டிலேயே நின்றுகொண்டிருந்தது, எல்லாரும் போன திசையைப் பார்த்தபடி. கிளம்பினார். ஓட்டினார். யாருமே கண்ணில் படவில்லை. பெட்டி வர வேண்டிய இடமெல்லாம் வெறும் காற்று. அவரே அணைத்து வைத்த காற்று.

ஒரு சுற்று முழுக்கத் தனியாக ஓட்டியபின், யாரையும் பார்க்காமல், மெல்லக் கேட்டார்: "ஏம்மா... அந்தப் பெட்டி... திரும்பப் போட்டுக்கிட்டா என்ன?"

"அது திறமைக்கு எதிரி இல்லையாப்பா?" என்றாள் மகள்.

"அப்படி இல்ல... கை ஈரமா இருக்குல்ல..."

மனைவி ஆட்டத்தை நிறுத்தினார். ஒரு வார்த்தை இடித்துப் பேசியிருக்கலாம். எத்தனையோ ஞாயிறாகச் சேர்த்து வைத்திருந்தார். பேசவில்லை. "போட்டுக்கோங்க. கடைசியில நின்னா அது எவ்வளவு வேணும்னு எனக்குத் தெரியாதா?" என்றார். பெட்டிகள் வந்தன. தம்பியின் பக்கம் திரும்பி, "டேய், அடுத்த வாரத்துலேர்ந்து பாத்திரம் துடைக்கிறது நீ. எல்லாரும் உக்காந்தப்புறம்தான் ஸ்டார்ட்" என்றார்.

ஆட்டம் மறுபடி ஓடியது. தவளை முதல் பெட்டியில் மோதியது. ராக்கெட்! அடடா, அந்த முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். தவளை பறந்தது, மலையைத் தாண்டியது, அருவியைத் தாண்டியது, முடிவுக்கோட்டருகே வாத்தை ஒரு மூக்கு வித்தியாசத்தில் முந்தியது. பூனை முதல், முயல் இரண்டு, தவளை மூன்று.

மாஸ்டர் நுரை தெறிக்கத் துள்ளி எழுந்தார்.

"பாத்தியாடா மச்சான்! இதுக்கெல்லாம் ஒரு கை வேணும். சும்மா வராது!"

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள், தவறில்லை. நல்ல நாற்காலியாக இருக்கிறது, மடியில் எழுத்து இருக்கிறது, பொழுது சுகமாகப் போகிறது. ஒரே ஒரு விஷயம். சிரிப்பை ஒரு நிமிடம் நிறுத்திவிட்டுக் காதைக் கொடுங்கள். உங்கள் வீட்டு அடுப்பங்கரையில் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்கிறதா? அங்கே நிற்பது யார்?