நல்ல நம்பர் வரும்வரை

நல்ல நம்பர்க்காரர் என்றொரு இனம் நம்மிடையே வாழ்கிறது. பார்த்திருப்பீர்கள். காலையில் எழுந்து, பல் விளக்கி, சீனி பார்க்கும் மிஷினைத் திறந்து, சுட்டுவிரலைக் குத்தி, ஏழைத் தாண்டக்கூடாத இடத்தில் 11.8 என்று வந்ததும், "இந்த விரல்லதான் நேத்து வாழைப்பழ பீசாங் கோரேங் சாப்பிட்டேன்" என்று கையைக் கழுவி, நடுவிரலைக் குத்தி, 11.2 வந்ததும் "எறங்குது பாத்தியா" என்று உற்சாகமாகி, மோதிரவிரலில் 10.9 கண்டபிறகே ஓய்வார். முதல் இரண்டும் மிஷின் கோளாறு. மூன்றாவதுதான் மருத்துவ உண்மை. கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் சாப்பாட்டுக் கடையில் நண்பர்களிடம் அது மேலும் இறங்கி, "பத்துக்குள்ளதான் லா" ஆகிவிடும்.

பாவம், மிஷினில் செருகும் அந்த ஸ்டிரிப். விரல்நகத்தைவிடக் குறுகலான பிளாஸ்டிக் துண்டு. அதன்மேல் மெல்லிய உலோகப் பூச்சில் இரண்டு கோடுகள். கோட்டின்மேல் இன்னொரு மருந்துப் பூச்சு. ரத்தத்துச் சீனி அதைத் தொட்டால் துளி மின்சாரம் ஓடும். ஓடிய மின்சாரம்தான் நம்பர். இதைக் கண்டுபிடிக்க எத்தனை பேர் எத்தனை காலம் மண்டையை உடைத்தார்களோ! டத்தோ பட்டம் வாங்கியவர் ரத்தமானாலும் அது சலுகை காட்டாது. இதற்கா மூன்று வாய்தா?

கிள்ளான் கன்னையா இந்த இனத்தின் தலைவர். லோரி கம்பெனியில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வுபெற்றவர். டாக்டர் சொல்லிவிட்டார்: "அடுத்த தடவை மிஷினோட வாங்க. நம்பர் எறங்கலைனா இன்சுலின் ஊசிதான்." கன்னையாவுக்கு ஊசி என்றால் உயிர் போகும். குத்திக் குத்தியே பொழுது போக்குகிறவருக்கு ஊசி பயமா என்று கேட்காதீர்கள். அது வேறு ஊசி.

கிளினிக்குக்குப் போகும் நாள் காலை. பத்து விரலும் கைவிட்டன. மனைவியைக் கூப்பிட்டார்.

"சீதாலெட்சுமி, ஒன் விரலைக் குடு."

"எதுக்கு?"

"என் சீனியைப் பாக்கணும்."

"என் விரல்லயா?"

"மிஷினுக்கு யாருனு தெரியுமா? ஊசி புதுசுதான், குடுலா."

சீதாலெட்சுமி இனிப்பே தொடாதவர். கணவரின் தே தாரிக் டீயைப் பிடுங்கிக் கொட்டுகிறவர். எந்நேரமும் தண்ணீர் பாட்டிலும் கையுமாக இருப்பார். வெயில் காலம், தாகம் எடுக்கத்தானே செய்யும்? இனிப்புநீர் நோய் இருக்கிறதா என்று அவரை யாரும் சோதித்ததில்லை. அவரே சோதனை அதிகாரி அல்லவா!

விரலைக் கழுவித் துடைத்துக் கொடுத்தார். 16.4.

"ஸ்டிரிப் பூச்சு உரிஞ்சிருச்சு!" என்று கன்னையா நேராக மருந்துக்கடைக்கு ஓடினார். பின்னாலேயே சீதாலெட்சுமி, பாட்டிலோடு.

மருந்தாளர் வாணி, ஸ்டிரிப்பைச் சரிபார்க்கும் திரவத்தில் ஒரு சொட்டு வைத்துப் பார்த்தாள். நம்பர் வரவேண்டிய இடத்தில் வந்தது.

"ஸ்டிரிப் ஓகே லா அங்கிள். மெமரில ஒரு பதினாறு புள்ளி நாலு இருக்கே, அது யாரோடது?"

கன்னையா மனைவியின் கையிலிருந்த பாட்டிலைப் பார்த்தார். கால்வாசிதான் மிச்சம்.

"என்னோடதும்மா. என் ரத்தந்தான்."

வாழ்நாளில் அவர் ஒரு கெட்ட நம்பரைத் தனதென்று உரிமை கொண்டாடியது அன்று ஒருமுறைதான். அதுவும் பொய்.

"சும்மா இருங்க," என்றார் சீதாலெட்சுமி. "அது என்னோடது."

கிளினிக்குக்கு இருவரும் போனார்கள். இருவருக்கும் ஊசி. இப்போதெல்லாம் காலையில் மனைவியின் விரலைக் கன்னையாதான் குத்துகிறார். நம்பர் அதிகமென்றால், "அடுத்த விரலைக் குடு, இது சரியில்ல" என்கிறார். அந்த அம்மாள் கையை இழுத்துக்கொள்கிறார்: "ஒண்ணு போதும். வந்தது வரட்டும்."

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். எடை பார்க்கும்போது செருப்பைக் கழற்றி, பர்ஸை எடுத்து வைத்து, மூச்சையும் பிடித்துக்கொண்டு மறுபடி ஏறி நிற்பவர் நீங்கள் இல்லையே? நல்லது. அப்படியே வீட்டில் தண்ணீர் அதிகம் குடிப்பவர் யார் என்றும் கொஞ்சம் பாருங்கள். நீங்களாகவும் இருக்கலாம்.