சிவப்புக் குவளையில் இருந்த கோபுரம்

பாசமும் பணிவும் கலந்து ஒட்டிலியே அக்காவுக்கு,

தம்பி போஹுமீர் எழுதுவது. நீ அனுப்பிய பிளம் ஜாம் உடையாமல் வந்தது. முழங்கால் வலி அப்படியே இருக்கிறது. நீ இரவல் தந்த சிவப்புக் கண்ணாடிக் குவளையும் நலம். நலமில்லாதது நான்தான்.

எரிந்துபோன எங்கள் ஊர் மருந்துநீர் ஊற்று மண்டபத்தைப் பழையபடியே கட்டுகிறார்கள், படம் ஒன்றும் மிஞ்சவில்லை, மண்டபத்தின் உருவம் செதுக்கிய உன் குவளைதான் ஒரே சாட்சி என்பது உனக்குத் தெரியும். நாற்பது வருடம் வரைகலை சொல்லிக்கொடுத்த நான், லென்ஸ் வைத்து மூன்று முறை பார்த்து, கோபுரம் இடது பக்கம் என்று கையெழுத்துப் போட்டேன். அங்கேயே கட்டிவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை திறப்பு விழா. இன்று காலை, வீடு துடைக்க வரும் ஹெட்விகா குவளையைக் கையில் எடுத்து, "என்ன சார், வாசல்ல நிக்கற காவக்காரன் ஒரு கைய பாக்கெட்டுல விட்டுக்கிட்டு இடது கையால சல்யூட் அடிக்கறான்? குடிச்சிருப்பானோ?" என்றாள். குவளையை வாங்கித் திருப்பினேன். எதிர்ப்பக்கம் வழவழவென்று தேய்த்த வட்டம் உண்டே, கட்டைவிரல் வைக்கும் இடம் என்று நான் நினைத்தது, அதன் வழியாகப் பார்த்தால் காவலாளி வலது கையால் சல்யூட் அடிக்கிறான், கோபுரமும் வலது பக்கம்! பின்சுவரில் செதுக்கியதை முன்சுவர் வட்டத்தின் வழியாகப் பார்க்கும் குவளை, அக்கா. நான் பின்பக்கமாகவே பார்த்து ஒரு கோபுரத்தையே இடம் மாற்றிவிட்டேன்.

கோட்டுப் பொத்தானைக்கூடப் போடாமல் நகராட்சிக்கு ஓடினேன்.

"நல்லா பார்த்துட்டுத்தானே சார் சொல்றீங்க?" என்றார் தலைவி ரட்மிலா.

"மூணு தடவை பார்த்தேம்மா."

"போன தடவையும் மூணு தடவைதானே சார் பார்த்தீங்க!"

பிறகு தலையில் கை வைத்துக்கொண்டு, "எழுதிக் குடுங்க, இன்னைக்கே கோபுரத்த இறக்கச் சொல்றேன்" என்றார். இரண்டு பிரதி எழுதிக் கொடுத்தேன். இனி இந்த ஊரில் எப்படித் தலைகாட்டுவேன்? சனிக்கிழமை ரயிலில் உன் வீட்டுக்கு வருகிறேன்; ஒரு கட்டில் போட்டு வை.

அத்தானுக்கு என் வணக்கம். பேரப்பிள்ளைகள் நீடூழி வாழ்க.

உன் தம்பி,
போஹுமீர்

பி.கு.: ஹெட்விகா இப்போதுதான் தன் கொள்ளுத்தாத்தாவின் புகைப்படத்தோடு வந்தாள். அந்தக் காவலாளி அவர்தானாம். 1866 போரில் வலது கை போனவர். படத்திலும் வெறும் சட்டைக்கையைப் பாக்கெட்டில் செருகிக்கொண்டு இடது கையால் சல்யூட் அடிக்கிறார். அந்த வட்டம் கட்டைவிரலுக்குத்தான். கோபுரம் இருந்த இடம் சரி. 'இருந்த' என்றுதான் எழுத வேண்டியிருக்கிறது. மூன்று மணிக்கே கிரேன் வந்துவிட்டது. சனிக்கிழமை வரை தாங்காது, அக்கா. இந்தக் கடிதத்தை நானே கொண்டுவருகிறேன்.