மாப்பிள்ளை மாட்டிய கார்டு

பெண் கொடுப்பவர்கள் பையனின் சம்பளத்தை விசாரிப்பார்கள், ஜாதகம் கேட்பார்கள், குடிப்பானா என்று அக்கம்பக்கத்தில் துருவுவார்கள். என் மாமனார் நெட்வொர்க் கார்டு மாட்டச் சொன்னார்.

அவர் வேங்கிக்காலில் வீடுகளுக்கு இன்டர்நெட் கொடுப்பவர். நான் கீழ்பென்னாத்தூர்க்காரன், சென்னையில் நெட்வொர்க் இன்ஜினியர். பையன் வேலை செய்வதை ஒருமுறை பார்த்துவிடுகிறேன், பிறகு பெண் பார்க்க வரட்டும் என்று தரகரிடம் சொல்லிவிட்டாராம். அவர் மகள் சுகன்யாவும் அவருடைய ஆபீசில்தான் வாடிக்கையாளர் புகார்களைக் கவனிக்கிறாள் என்று தெரிந்ததும், மாற்றுச் சட்டை ஒன்றையும் இஸ்திரி போட்டு எடுத்துப் போனேன். (வேர்த்த வேர்வையில் மாற்றவும் வேண்டியிருந்தது.)

வேலை சின்னதுதான். ஒரு பெரிய இரும்புப் பெட்டிக்குள், பீரோ இழுப்பறைகள் மாதிரி வரிசையாகக் கார்டுகள் இருக்கும். புதியதைக் காலி இடத்தில் தள்ளி, இரண்டு ஓரத்து லீவர்களையும் மூடி, ஸ்க்ரூவை முடுக்க வேண்டும். தள்ளினேன், மூடினேன். பாதி வேங்கிக்காலின் இணைப்பை அதற்கு மாற்றினேன். பச்சை விளக்குகள் எரிந்தன. (சுகன்யா பார்த்தாளா என்று பார்த்தேன். பார்க்கவில்லை.) ஸ்க்ரூ டிரைவரைத் தேடினால், அது சந்தனம் குங்குமத்தோடு பூஜைத் தட்டில் படுத்திருந்தது. ராகு காலம் வருவதற்குள் புது கார்டுக்குப் பூஜை போடும் அவசரத்தில் என் கருவிகளையெல்லாம் அவரே அடுக்கிவிட்டார். எடுக்கப் போனேன்.

"பூஜையில வெச்சதை, கற்பூரம் காட்டி முடிக்கறதுக்குள்ள எடுக்கக்கூடாது தம்பி."

வருங்கால மாமனாரிடம் வாதாட முடியுமா? ஸ்க்ரூவெல்லாம் சும்மா சம்பிரதாயம் சார், கையால் தள்ளியதே போதும் என்று பெரிய மேதாவி போல அளந்தேன்.

உடனே அவர் முழங்கை கனத்தில் ஒரு சாமந்தி மாலையைக் கொண்டுவந்து இரண்டு லீவர்களிலும் மாட்டினார். கனம் தாங்காமல் லீவர்கள் திறந்துகொண்டன. கார்டு வெளியே நகர்ந்தது, விளக்குகள் அணைந்தன, ஆபீஸ் போன்கள் அலறின. உள்ளே தள்ளினேன். சற்று நேரத்தில் பச்சை வந்தது. கையை எடுத்தால் மாலை மறுபடியும் இழுத்தது. மாலை சாமியுடையது, ஸ்க்ரூ டிரைவரும் சாமியுடையது. வேறு வழியில்லாமல் இரண்டு உள்ளங்கைகளாலும் கார்டை அழுத்தி, தலை குனிந்து அப்படியே நின்றேன். மணி அடித்தது. கற்பூரம் எரிந்தது. நான் உருகிப்போய் நிற்பதாக நினைத்த அவர், என் நெற்றியில் திருநீறு பூசி, இந்தக் காலத்துப் பையனுக்கு இவ்வளவு பக்தியா என்று மகளிடம் நெகிழ்ந்தார்.

சுகன்யா காதிலிருந்து போனை எடுத்தாள்.

"பக்தி இல்லப்பா. அவர் கையை எடுத்தா பாதி ஊருக்கு நெட் போயிடும்."

சம்பந்தம் முறிந்தது, அடுத்த பஸ்ஸில் வீடுதான் என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது. அவர் என்னையும் மாலையையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு தொப்பை குலுங்கக் குலுங்கச் சிரிக்க ஆரம்பித்தார். என் கைகள்தான் கார்டில் மாட்டியிருந்தனவே, அதனால் சுகன்யாவே வந்து, சந்தனம் வழுக்கிய ஸ்க்ரூ டிரைவரைத் துப்பட்டாவில் துடைத்து, என் தோளுக்குக் கீழே குனிந்து ஸ்க்ரூவை முடுக்கினாள். பெண் பார்க்கும் வைபவம் அங்கேயே, கை கூப்பக்கூட வழியில்லாமல், நடந்து முடிந்தது.

எங்கள் கல்யாண வீடியோ இன்றைக்கும் வீட்டுக்கு வருகிறவர்களுக்குப் போட்டுக் காட்டப்படுகிறது. நான் தாலி கட்டுகிறேன், என் அக்கா மிச்ச முடிச்சுகளைப் போடுகிறாள், எல்லோரும் அட்சதை தூவுகிறார்கள். அந்த அட்சதை மழைக்கு நடுவே என் மாமனார் மெல்லக் குனிந்து, முடிச்சை ஒருதரம் இழுத்துப் பார்க்கிறார்.